ஐந்து மணிப் பருந்து

மகா பெங்களூருக்குக் குடையோடு வந்தாள்.

அவள் ஊர் மலேசியாவில் கிள்ளான். அங்கே மத்தியானம் ஆனால் மழை வந்துவிடும். குடை இல்லாமல் அவள் வெளியே போனதே இல்லை. பெங்களூரில் அது பிப்ரவரி மாதம். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

"இங்க மழை எப்ப வரும்?" என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்டாள்.

"மே மாசம்" என்றான் அவன். குடையைப் பார்த்தான். "அதுவரைக்கும் பிடிச்சுக்கிட்டே நிக்கப் போறியா?"

அவன் பெயர் க்ளென். பதினோரு வயது. மகாவுக்குப் பத்து. இருவரும் பேசிய முதல் பேச்சு அது. அடுத்த பல நாட்களுக்குக் கடைசிப் பேச்சும் அதுதான்.

மகாவின் அப்பா ரங்கநாதன், பொட்டலம் கட்டும் இயந்திரங்களைப் பொருத்துகிறவர். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு நான்கு வாரம் வேலை. அம்மா தாதி. மருத்துவமனையில் விடுப்பு கிடைக்கவில்லை. மகாவுக்குப் பள்ளி விடுமுறை. அதனால் அப்பாவோடு வந்துவிட்டாள்.

"எல்லாரும் தமிழ்தான் பேசுவாங்க. வெளிநாடு மாதிரியே இருக்காது லா" என்று அப்பா விமானத்தில் சொன்னார்.

வெளிநாடு மாதிரிதான் இருந்தது. பஸ்ஸில் கன்னடம், கடையில் உருது, தெருவில் தமிழ். ஒரே ஆள் மூன்றையும் பேசினார். சாப்பிட்டாச்சா என்பதை ஊர் வழக்கப்படி "பசியாறிட்டீங்களா?" என்று மகா கேட்டால் எல்லோரும் சிரித்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனாலும் மகா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அவர்கள் தங்கியது காக்ஸ் டவுனில், ஓஸ்வால்ட் அங்கிள் வீட்டு மாடியில். அப்பா காலை ஏழு மணிக்குப் போவார். ராத்திரி எட்டுக்கு வருவார். நடுவில் மகாவுக்கு இருந்தது ஒரு ஜன்னல்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் ஒரு கிளை தெருவுக்கு மேலே நீண்டிருந்தது. கிளையில் ஒரு பருந்துக்கூடு. கீழேயிருந்து பார்த்தால் வெறும் குச்சிக் குவியல். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் உள்ளே இரண்டு குஞ்சுகள். வெள்ளைப் பஞ்சு போன்ற உடம்பு. கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு. யாரோ மை தீட்டிவிட்டது போலிருந்தது.

கிள்ளான் துறைமுகத்தில் மகா பருந்துகளைப் பார்த்திருக்கிறாள். அவை உயரத்தில், கடலுக்கு மேலே புள்ளிகளாகச் சுற்றும். இந்தப் பருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. அது தலையைச் சாய்த்தால் கண்ணின் நிறம் தெரிந்தது. காற்று வீசும்போது இறகுகள் ஒவ்வொன்றாக எழுந்து படிந்தன. மகா கன்னத்தில் கை வைத்து மணிக்கணக்கில் பார்த்தாள். ஒரு நோட்டில் வரைந்தாள். கால் மட்டும் சரியாக வரவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்னொரு காட்சி இருந்தது.

ஓஸ்வால்ட் அங்கிள் போன ஜூன் மாதம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அதன் பிறகு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. தெருமுனையில் நாணுவின் கோழிக்கடைக்குப் போய், விற்காத தோலையும் துண்டுகளையும் ஒரு பையில் வாங்கி வர ஆரம்பித்தார். ஐந்து மணிக்கு மொட்டைமாடியில் நின்று ஒவ்வொன்றாக வானத்தில் வீசுவார். இருபது முப்பது பருந்துகள் வரும். ஒரு துண்டும் தரையில் விழாது. காலால் பிடிக்கும். பறந்தபடியே குனிந்து தின்னும். விசில் போல ஒரு நீண்ட சத்தம் போடும்.

"எல்லாத்துக்கும் என்னைத் தெரியும், மேன்" என்பார் ஓஸ்வால்ட் அங்கிள். அவர் யாரையும் மேன் என்றுதான் கூப்பிடுவார். மகாவையும்.

மகா இதை நான்கு நாள் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் புதன்கிழமை. ஓஸ்வால்ட் அங்கிளும் அவர் மனைவி டோரீன் ஆன்ட்டியும் மாதா கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வந்தார்கள்.

"இன்னையிலேர்ந்து தவக்காலம்" என்றார் டோரீன் ஆன்ட்டி. "ஈஸ்டர் வரைக்கும் வீட்டுல கறி கிடையாது. உனக்குப் பரவாயில்லையா கண்ணு?"

"பரவாயில்ல ஆன்ட்டி. எனக்கு ரசம் போதும்."

ஓஸ்வால்ட் அங்கிள் பெருமூச்சு விட்டார்.

அந்த வாரம் சனிக்கிழமை முதல் தாக்குதல் நடந்தது.

க்ளென் பேக்கரியிலிருந்து முட்டை பப்ஸ் தின்றபடி வந்தான். மரத்தடிக்கு வந்ததும் பின்னாலிருந்து ஒரு காற்று அடித்தது. கையில் காகிதம் மட்டும் இருந்தது.

"எடுத்துட்டுப் போச்சு" என்று நடுத்தெருவில் நின்று சொன்னான். "ஒரு கடிதான் கடிச்சேன்."

திங்கட்கிழமை கோவிந்தப்பாவின் போண்டாப் பொட்டலம் போயிற்று. அவர் தெருச் சங்கத்தின் தலைவர். நான்கு போண்டா. பொட்டலம் காற்றில் கிழிந்து, அவர் சட்டைமேல் சட்னி கொட்டியது. ஒருநாள் டோரீன் ஆன்ட்டியின் பையிலிருந்து மீன் வறுவல் மாதிரி இருந்த வாழைக்காய் வறுவல் போயிற்று. தின்று பார்த்துவிட்டுப் பருந்து அதைக் கீழே போட்டுவிட்டது.

அதிகம் அடி வாங்கியது ஓஸ்வால்ட் அங்கிள்தான். அவர் தலையில் முடி கிடையாது. பருந்து அதன்மேல் உட்காருவது போல இறங்கியது. கீறவில்லை. தட்டிவிட்டுப் போனது. ஒரே வாரத்தில் ஐந்து தடவை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபத்துக்கு அவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனார். கோயில் வாசலில் சாமியார் அவரை வெகுநேரம் பார்த்தார்.

"எட்டு மாசம் என் கையால சாப்பிட்டதுங்க" என்றார் ஓஸ்வால்ட் அங்கிள். அவருக்குத் தலை வலிக்கவில்லை. மனசு வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை டோரீன் ஆன்ட்டி கேட்டருகே நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ரொட்டிப் பை. மணி நாலே முக்கால். மேலே பருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மகா குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

"வாங்க ஆன்ட்டி. நான் கொண்டுபோய் விடறேன்."

மரத்தடியைத் தாண்ட முப்பது அடி வைக்க வேண்டும். இருவரும் குடைக்குள் ஒட்டிக்கொண்டு நடந்தார்கள். பருந்து ஒரு சுற்று வந்தது. குடையின் மேல் நிழல் விழுந்தது. பிறகு போய்விட்டது.

மூன்று வீடுகளிலிருந்து இதைப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை நாலரைக்கெல்லாம் மகாவுக்கு வேலை வந்துவிட்டது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு. முப்பது அடிக்குள் ஒவ்வொருவரும் ஏதாவது பேசினார்கள். கோவிந்தப்பா, போண்டாவில் தேங்காய்ச் சில்லு எப்படிப் போட வேண்டும் என்று சொன்னார். க்ளென் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பத்து அடி தள்ளி நின்றான்.

"என்னா, வரணுமா?" என்று மகா கேட்டாள்.

"பப்ஸ் இருக்கு" என்றான்.

"குடை வேணாம்னு சொன்ன?"

"மழைக்குத்தான் வேணாம்னேன்."

அவன் குடைக்குள் வந்தான். அடுத்த முனையில் பப்ஸில் பாதியைப் பிட்டுக் கொடுத்தான்.

"உங்க ஊர்ல சாயங்காலம் என்னா சாப்பிடுவீங்க?"

"பீசாங் கோரெங். வாழைப்பழ பஜ்ஜி மாதிரி."

"சக்கத்தா இருக்குமா?"

சக்கத் என்றால் பிரமாதம் என்று மகா அதற்குள் தெரிந்துவைத்திருந்தாள். "இருக்கும் லா" என்றாள்.

அன்றிரவு அவள் அம்மாவோடு போனில் முக்கால் மணி நேரம் பேசினாள். அதுவரை ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச அவளிடம் விஷயம் இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை கோவிந்தப்பா தெருவைக் கூட்டினார். மரத்திலிருந்து பாதுகாப்பான தூரத்தில் கூட்டினார். கையில் ஒரு கடிதம்.

"பர்மிஷன் வந்துடிச்சு. சனிக்கிழமை காலைல மரம் வெட்டற ஆளுங்க வர்றாங்க. அந்தக் கிளையை எடுத்துட்டா ஆய்து, வேலை முடிஞ்சுது. கூடு போயிடும், பருந்தும் போயிடும்."

"கூட்டுல குஞ்சு இருக்கு அங்கிள்" என்றாள் மகா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கே அவள் குரல் கேட்டது ஆச்சரியமாக இருந்தது.

"குஞ்சா?" கோவிந்தப்பா மேலே பார்த்தார். "குச்சிதான் தெரியுது."

"ரெண்டு இருக்கு. இன்னும் பறக்கத் தெரியாது."

கோவிந்தப்பா கெட்டவர் இல்லை. கொஞ்சம் யோசித்தார். "பாப்பா, எனக்கு மட்டும் ஆசையா? நேத்து ஒரு சின்னக் குழந்தை கையிலேர்ந்து பிஸ்கட்டைப் பிடுங்கிச்சு. கண்ணுல பட்டா என்னா பண்றது?"

அவர் சொன்னது சரி.

அவள் மாடிக்குப் போய் நோட்டை எடுத்தாள். பருந்து வரைந்த பக்கங்களைத் தாண்டி ஒரு புதுப் பக்கத்தில் எழுதினாள். யாரிடமிருந்து எப்போது என்ன போயிற்று? குடைக்குள் நடந்தவர்கள் எல்லாம் சொல்லியிருந்தார்கள். எழுதுவது சுலபமாக இருந்தது.

க்ளென், பப்ஸ், ஐந்து மணி. கோவிந்தப்பா அங்கிள், போண்டா, ஐந்தே கால். டோரீன் ஆன்ட்டி, வறுவல், ஐந்து பத்து. ஓஸ்வால்ட் அங்கிள், எதுவும் இல்லை, ஐந்து மணி. ஓஸ்வால்ட் அங்கிள், எதுவும் இல்லை, ஐந்தரை. மறுபடியும் ஓஸ்வால்ட் அங்கிள்.

அவள் பென்சிலைக் கடித்தாள்.

காலையில் யாரையும் பருந்து தொடவில்லை. மத்தியானமும் இல்லை. கையில் தின்பண்டம் இருந்தவர்களிடம் பிடுங்கியது. ஒன்றுமே இல்லாத ஓஸ்வால்ட் அங்கிளை மட்டும் ஏன் தேடித் தேடித் தட்டுகிறது?

சற்று நேரம் கழித்து அவள் எழுந்தாள். படிகளில் இரண்டிரண்டாகத் தாவிக் கீழே போனாள்.

"அங்கிள், அது உங்களை அடிக்கல."

ஓஸ்வால்ட் அங்கிள் வீட்டுக்குள்ளும் ஹெல்மெட் போட்டிருந்தார். அதன் கண்ணாடியைத் தூக்கினார். "பின்னே?"

"கேட்குது. அஞ்சு மணி ஆச்சு, சாப்பாடு எங்கன்னு கேட்குது. நீங்க சாம்பல் புதன்லேர்ந்து ஒண்ணுமே போடல."

டோரீன் ஆன்ட்டி சப்பாத்தி தேய்ப்பதை நிறுத்தினார்.

"நான் தவக்காலம் இருக்கேன்" என்றார் ஓஸ்வால்ட் அங்கிள் மெதுவாக.

"நீங்க இருக்கீங்க. அதுக்குத் தெரியாதே."

ஓஸ்வால்ட் அங்கிள் ஹெல்மெட்டைக் கழற்றினார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை மகா இரண்டு வாரமாகப் பார்க்கவில்லை. "என் மேல கோபம் இல்லையா அப்போ? டோரீன், கேட்டியா? கோபம் இல்லையாம்." அவர் செருப்பைத் தேடினார். "நான் இப்பவே நாணு கடைக்குப் போறேன்."

"நில்லுங்க" என்றார் டோரீன் ஆன்ட்டி.

அவர் நின்றார்.

"தெருநாய்க்குப் போடறேன்னு போன தவக்காலத்துல எங்க போனீங்க?"

ஓஸ்வால்ட் அங்கிள் சுவரைப் பார்த்தார்.

"கடைக்குப் போய் கபாப் தின்னுட்டு வந்தார்" என்று டோரீன் ஆன்ட்டி மகாவிடம் சொன்னார். "வாய் துடைச்சுட்டு வந்தார். சட்டைல மசாலா. ஈஸ்டர் வரைக்கும் இவர் கறிக்கடைக்குள்ளயே போகக் கூடாது. கறியைக் கையால தொடவும் கூடாது. அது எங்களுக்குள்ள ஒப்பந்தம்."

"நான் போறேன் ஆன்ட்டி" என்றாள் மகா. "எனக்குத் தவக்காலம் இல்ல. எனக்குக் கபாப்பும் வேணாம்."

டோரீன் ஆன்ட்டி யோசித்தார். அவர் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறவர். எந்த விஷயத்திலும் விதி என்ன என்று பார்ப்பார்.

"கறி வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்றார் கடைசியில். "வெளிப்படி வழியா மாடிக்குப் போகட்டும்."

மகா போய்ச் சொன்ன முழுவதையும் கோவிந்தப்பா தன் வீட்டுக் கேட்டின் மேல் சாய்ந்து கேட்டார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"சரி பாப்பா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே போண்டா வாங்கிட்டு மரத்தடில நடக்கறேன். குடை இல்லாம. பிடுங்கலேன்னா வெட்டற ஆளுங்களை வேணாம்னு சொல்றேன். பிடுங்கிச்சுன்னா சனிக்கிழமை கிளை போயிடும்."

மூன்று நாள் இருந்தது.

அன்றிரவு படுக்கையில் மகாவுக்கு இன்னொன்றும் தோன்றியது. பருந்து அடங்கிவிட்டால் யாருக்கும் குடை வேண்டாம். குடை வேண்டாமென்றால் யாரும் அவளோடு நடக்கப் போவதில்லை. இதை அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இரண்டு குஞ்சுகளை நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

புதன்கிழமை அவள் நாணு கடைக்குப் போனாள். கடையில் ஆளே இல்லை. நாணு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஈயை விரட்டிக்கொண்டிருந்தார்.

"பருந்துக்கா?" என்றார் நாணு. "எடுத்துக்க கண்ணு. ஓஸ்வால்ட் சார் வர்றதே இல்ல. எதிர்ப் பக்கமா மூக்கைப் பிடிச்சுக்கினு போறாரு. இந்த நாப்பது நாள் எனக்கும் விரதம்தான். வியாபாரம் இல்லாத விரதம்."

ஐந்து மணிக்கு மகா மொட்டைமாடியில் நின்றாள். வானத்தில் நான்கு பருந்துகள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. அவள் பைக்குள் கை விட்டாள். குளிர்ச்சியாக, வழவழவென்று இருந்தது. கையை வெளியே எடுத்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு பையோடு சேர்த்து வீசினாள்.

கண்ணைத் திறந்தபோது பை கோவிந்தப்பாவின் காரின் மேல் இருந்தது.

பருந்துகளுக்கு அது பிடித்திருந்தது. பன்னிரண்டு வந்து இறங்கின. காரின் கூரையில் நகங்கள் வழுக்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. கோவிந்தப்பா வெளியே வந்தார். பார்த்தார். உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார்.

மகாவும் அவரோடு சேர்ந்து காரைக் கழுவினாள்.

"வெள்ளிக்கிழமை போண்டா" என்று மட்டும் சொன்னார் அவர்.

வியாழக்கிழமை க்ளென் மாடிக்கு வந்தான். "நீ வீசற மாதிரி எங்க தாத்தாகூட வீச மாட்டாரு. குடு இங்க."

"நீயும் தவக்காலம்தானே?"

"நான் விட்டது வீடியோ கேம். கோழி இல்ல." அவன் எட்டிப் பார்த்துக் கீழே கேட்டான். "டோரீன் ஆன்ட்டி, நான் தொடலாமா?"

"உனக்குப் பதினாலு வயசு ஆகல. தொடலாம்" என்று கீழேயிருந்து பதில் வந்தது. விதி அப்படித்தான் இருந்தது.

கீழே முற்றத்தில் ஓஸ்வால்ட் அங்கிள் நின்றார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொண்ணா போடு, மேன். சின்னத் துண்டு முதல்ல. கையை இன்னும் பின்னாடி இழு. அங்க இல்ல, தெரு இல்லாத பக்கமா. காத்து எந்தப் பக்கம்? எதிர்ல போடாதே. இப்போ. இப்போ விடு."

க்ளென் பந்து வீசுவது போல ஓடிவந்து வீசினான். துண்டு உயரே போனது. ஒரு கணம் அங்கேயே நின்றது. ஒரு பருந்து பக்கவாட்டில் சாய்ந்து வந்தது. சிறகை அசைக்கவே இல்லை. காலை மட்டும் நீட்டியது. துண்டு இல்லை.

"பிடிச்சாச்சு" என்றார் ஓஸ்வால்ட் அங்கிள். அவர் கை தானாகவே முன்னால் வந்து வீசுவது போல அசைந்தது. டோரீன் ஆன்ட்டி சமையலறை ஜன்னலிலிருந்து இருமினார். கை மறுபடியும் பின்னால் போனது.

அடுத்தது மகாவின் முறை. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அவள் வீசியது கோணலாகத்தான் போனது. ஆனால் பருந்துக்குக் கோணல் ஒரு பொருட்டே இல்லை. திரும்பி, தலைகீழாகப் புரண்டு, பிடித்துக்கொண்டது. அது அவள் தலைக்கு மேலே கடந்தபோது காலை நன்றாகப் பார்த்தாள். விரல்களை எப்படி மடக்குகிறது என்று இப்போது தெரிந்தது.

எல்லாம் தீர்ந்தபோது வானம் முழுக்கப் பருந்துகள். ஒவ்வொன்றாக அடுக்கு அடுக்காக மேலே ஏறின. பின்னால் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இருவரும் கழுத்து வலிக்கும் வரை பார்த்தார்கள்.

"நான் இங்கதான் பிறந்தேன்" என்றான் க்ளென். "ஒருநாள்கூட மேலே பார்த்ததில்ல."

வெள்ளிக்கிழமை ஒரு சிக்கல் வந்தது. நாணுவின் பையோடு மகா படியேறப் போனபோது டோரீன் ஆன்ட்டி வழியை மறித்தார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை கண்ணு. தவக்காலத்து வெள்ளி. இன்னைக்கு மட்டும் படி வழியாகூட வேணாமே."

"இன்னைக்குத்தான் ஆன்ட்டி போண்டா" என்றாள் மகா.

ஆன்ட்டிக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளி வெள்ளிதான்.

க்ளென் நடுவில் புகுந்தான். "ஆன்ட்டி, ஒரு சந்தேகம். பருந்துக்கு ஞானஸ்நானம் ஆயிருக்கா?"

மறைக்கல்வி வகுப்பில் எந்தக் கேள்விக்கும் டோரீன் ஆன்ட்டி நேர்மையாகப் பதில் சொல்வார்.

"இல்ல" என்றார்.

"அப்ப வெள்ளிக்கிழமை சாப்பிடலாம்தானே?"

டோரீன் ஆன்ட்டி வாயைத் திறந்தார். மூடினார். வழியை விட்டார்.

ஐந்து மணிக்குத் தெருவே வாசலில் நின்றது. ஐந்து ஐந்துக்கு முதல் துண்டு பறந்தது. ஐந்தே காலுக்குக் கோவிந்தப்பா தெருமுனையிலிருந்து புறப்பட்டார். வெறும் தலை. நீட்டிய கையில் திறந்த பொட்டலம். நான்கு போண்டா. ஆவி பறந்தது.

முப்பது அடி. அவர் மெதுவாக நடந்தார். நடுவில் நின்றார். பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். கூட்டுக்குப் பக்கத்தில் பருந்து உட்கார்ந்து அலகைக் கிளையில் தேய்த்துக்கொண்டிருந்தது. அது போண்டாவைப் பார்த்தது. பிறகு வேறு பக்கம் பார்த்தது.

கோவிந்தப்பா இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். நம்பாமல் திரும்பி ஒரு தடவை நடந்தார். மூன்றாவது தடவை நடக்கும்போது போண்டா ஆறிவிட்டது.

"சும்னே இருக்கு, ஒண்ணும் பண்ணல" என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகவே சொன்னார்.

மகாவும் க்ளெனும் அந்தப் போண்டாக்களைப் பகிர்ந்துகொண்டார்கள். தேங்காய்ச் சில்லு இருந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு வண்டி வந்து நின்றது. ஏணி, கயிறு, ரம்பம், மூன்று ஆட்கள். கோவிந்தப்பா போன் செய்ய மறந்துவிட்டிருந்தார்.

அவர் பனியனோடு வெளியே ஓடிவந்தார். "வேணாம், வேணாம்னு சொல்லத்தான் இருந்தேன்."

"கடுதாசி இருக்கே சார்" என்றார் ஏணி வைத்திருந்தவர். "அவ்ளோ தூரத்திலேர்ந்து வந்திருக்கோம். எந்தக் கிளைன்னு சொல்லுங்க. பத்து நிமிஷம்."

கோவிந்தப்பா தலையைச் சொறிந்தார். அந்த ஆள் கேட்டது நியாயம்தான். கடிதம் வாங்க அவர் அலைந்ததும் கொஞ்சமில்லை. அடுத்த வருஷம் மறுபடியும் பருந்து வந்தால் மறுபடியும் அலைய வேண்டும். அவர் முகத்தில் இதெல்லாம் ஓடியது. மகா மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தாள்.

"அங்கிள்" என்று கூப்பிட்டாள். "மேலே வாங்க. இங்கேருந்து பாருங்க. பார்த்துட்டு சொல்லுங்க."

அவர் வந்தார். அன்று அப்பாவுக்கு விடுமுறை. அவர் கதவைத் திறந்து, "வாங்க சார், பசியாறிட்டீங்களா?" என்றார்.

"இன்னும் இல்ல" என்றார் கோவிந்தப்பா. அவர் சிரிக்கவில்லை.

ஓஸ்வால்ட் அங்கிளும் டோரீன் ஆன்ட்டியும் க்ளெனும் பின்னாலேயே ஏறி வந்தார்கள். ஆறு பேரும் ஒரு ஜன்னலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

கூட்டில் குஞ்சுகள் விழித்துக்கொண்டிருந்தன. பஞ்சுக்கு நடுவில் பழுப்பு இறகுகள் முளைத்திருந்தன. ஒன்று தள்ளாடி எழுந்து நின்றது. சிறகை விரித்தது. தன் சிறகு அவ்வளவு பெரியது என்று அதற்கே தெரியவில்லை போலிருந்தது. பின்னால் விழுந்தது. இன்னொன்றின் மேல் உட்கார்ந்தது. அது இதைக் கொத்தியது.

"அடடே" என்றார் கோவிந்தப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

குஞ்சு எழுந்த இடத்தில், குச்சிகளுக்கு நடுவில், வெள்ளையாக ஒரு துணி தெரிந்தது. மெத்தை போல நன்றாக மடித்துப் பரப்பியிருந்தது. தோள்பட்டையில் நீல நூலால் தையல்.

கோவிந்தப்பா குனிந்தார். கண்ணைச் சுருக்கினார்.

"அது என் பனியன்."

எல்லோர் தலையும் இன்னும் கொஞ்சம் முன்னால் நீண்டது.

"ஜனவரியில கொடிலேர்ந்து காணாமப் போச்சு. அந்தத் தையல் என் வீட்டுக்காரி போட்டது. ஒரு மாசம் பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகப்பட்டேன்."

பக்கத்து வீட்டுக்காரர் ஓஸ்வால்ட் அங்கிள். அவர் திரும்பிப் பார்த்தார்.

"கிளையை வெட்டினா பனியன் கிடைச்சிடும் அங்கிள்" என்றான் க்ளென்.

மகாவுக்கு க்ளெனைக் கிள்ளவேண்டும் போலிருந்தது. கூட்டில் சின்னக் குஞ்சு பனியனின் கைப்பகுதிக்குள் தலையை நுழைத்தது. வெளியே எடுக்கத் தெரியாமல் சுற்றியது. பிறகு அப்படியே படுத்துவிட்டது.

கோவிந்தப்பா வெகுநேரம் பார்த்தார். ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஏம்ப்பா, வேணாம். ஏணியை எடுத்துக்குங்க. காபி குடிச்சுட்டுப் போங்க."

"கிளை சார்?"

"கிளையில என் சாமான் இருக்கு" என்றார் கோவிந்தப்பா.

தலையை உள்ளே இழுத்துக்கொண்டு மகாவைப் பார்த்தார். "நீ எப்போ ஊருக்குப் போறே?"

"வர்ற சனிக்கிழமை."

"ஈஸ்டருக்கு இன்னும் நாலு வாரம் இருக்கு. க்ளெனுக்குப் பரீட்சை. அதுவரைக்கும் யாரு வீசறது?"

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. மகாவும் யோசித்திருக்கவில்லை.

"நான் வீசறேன்" என்று கோவிந்தப்பாவே கையைத் தூக்கினார்.

"பரீட்சை முடிஞ்சதும் நான்" என்று க்ளென் கையைத் தூக்கினான்.

மூன்றாவதாகப் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டோரீன் ஆன்ட்டியும் பார்த்தார்.

ஓஸ்வால்ட் அங்கிள் கையை மெதுவாக இறக்கினார்.